பூட்டப்பிள்ளை வரை எண்ணுங்கள்: மீன்களில் அழியா இரசாயனங்களின் தலைமுறைப் பாதிப்பை ஆராயத் தொடங்குவோருக்கு

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மலைநாட்டுத் தோட்டங்களையும் பொலன்னறுவை வயல்களையும் கழுவிய தண்ணீர் மூதூர்க் கரையில் உப்போடு கலக்கிறது. குடாவின் மறுபக்கத்தில் துறைமுகம், சீனன்குடா எண்ணெய்க் குதங்கள், கொட்பே மீன்பிடித் துறை, வள்ளம் திருத்தும் இடங்கள். இந்த நீரில் சினைப்படும் மீனுக்கும் அதன் குஞ்சுக்கும் குஞ்சின் குஞ்சுக்கும் என்ன நேர்கிறது என்று திருகோணமலையில் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் விடை தேடிப் புறப்படும் பலர் முதல் மாதத்திலேயே தவறான மீனைப் பிடித்து, தவறான பையில் போட்டு, தவறான தலைமுறையில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். வளாக மாணவர்கள், விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்கள், கடற்றொழிலாளர் சங்க இளைஞர்கள் ஆகியோருக்காக இந்தக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெளிவாகட்டும்

அழியா இரசாயனம் என்பது வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் இலகுவில் சிதையாதது. உடலுக்குள் போனால் வெளியேறத் தயங்குவது. சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்குச் செறிவு கூடிக்கொண்டே போவது. இவற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை 2001இல் 12 இரசாயனங்களோடு உருவாகி, 2004இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் பின்னர் நீண்டுவிட்டது. எங்கள் கரையோரத்துக்கு முக்கியமானவை என்று நான்கு குடும்பங்களைச் சொல்லலாம்.

முதலாவது டிடிடி. மலேரியாவுக்கு எதிராக 1940களில் தொடங்கி ஏறக்குறைய முப்பது வருடம் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் அடிக்கப்பட்டது. மீனுக்குள் அது பெரும்பாலும் டிடிஈ ஆக மாறித் தங்கும். ஆய்வுகூட அறிக்கையில் டிடிஈ கூடவும் டிடிடி குறையவும் இருந்தால் பழைய சேர்மானம். டிடிடி தானே முன்னுக்கு நின்றால் அண்மையில் எங்கோ புதிதாகக் கலந்திருக்கிறது. இந்த விகிதத்தைப் பார்க்காமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதுவது பெரிய இழப்பு.

இரண்டாவது பிசிபி. 209 வகை உண்டு. பழைய டிரான்ஸ்போமர் எண்ணெயில் இருக்கும். அந்தக் கழிவெண்ணெய் வெல்டிங் கடைகளுக்குக் கைமாறுவது இலங்கையில் பலகாலமாகப் பேசப்படும் பிரச்சினை. மூன்றாவது, வள்ளத்து அடியில் சிப்பி ஒட்டாமல் பூசப்பட்ட ட்ரைபியூட்டைல் தின். கப்பல்களில் இதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தாலும், துறைமுகச் சேற்றில் அது நெடுங்காலம் கிடக்கும். நான்காவது, தீயணைக்கும் நுரையில் சேர்க்கப்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள், அதாவது பிஃபாஸ். எண்ணெய்க் குதமும் விமான ஓடுபாதையும் உள்ள இடங்களில் உலகெங்கும் முதலில் தேடப்படுவது இதைத்தான். மற்ற மூன்றும் பெரும்பாலும் கொழுப்பையும் சேற்றையும் நாடும். பிஃபாஸ் இரத்தப் புரதத்தையும் ஈரலையும் நாடும். இந்த ஒரு வித்தியாசம் பை வாங்குவதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்.

எந்தத் தலைமுறையில் நிற்பது

ஆய்வேடுகளில் எஃப்-0, எஃப்-1, எஃப்-2, எஃப்-3 என்று எழுதுவார்கள். நாம் பெற்றார், பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டிலும் இப்படியே எழுதலாம்; குழப்பம் குறையும்.

பெற்றார் மீன் நஞ்சு நீரில் நீந்துகிறது. அதன் வயிற்றில் உள்ள முட்டையும் விந்தும் அதே நஞ்சில்தான் இருக்கின்றன. ஆகவே பிள்ளை மீனுக்கு வரும் கேடு பரம்பரைக் கேடு அல்ல, நேரடிக் கேடு. நஞ்சு விரைவில் கழிந்துவிடும் இரசாயனமாக இருந்து, பிள்ளையைச் சுத்தமான நீரில் வளர்த்தால், பேரப்பிள்ளைதான் நஞ்சைத் தொடாத முதல் தலைமுறை. பாடப்புத்தகக் கணக்கு இதோடு முடிந்துவிடும்.

அழியா இரசாயனம் அந்தக் கணக்கைக் குழப்பும். தாய் மீன் தன் கொழுப்பில் சேர்ந்த பிசிபியையும் டிடிஈயையும் மஞ்சட்கருவோடு சேர்த்து முட்டைக்குள் இறக்கிவிடுகிறது. சுத்தமான நீரில் பொரித்த பிள்ளையும் அந்த மஞ்சட்கருவைத்தான் முதல் நாட்களில் உண்கிறது. அதே நாட்களில்தான் பிள்ளையின் உடலில், நாளைக்குப் பேரப்பிள்ளையாகப் போகிற இனவிருத்திக் கலங்கள் உருவாகின்றன. அதாவது பேரப்பிள்ளையும் தொட்டுவிட்டது. தாய் வழியில் வந்த அழியா இரசாயனத்துக்குப் பூட்டப்பிள்ளைதான் நஞ்சைத் தொடாத முதல் சாட்சி. தகப்பன் வழியில் மட்டும் வந்தால் பேரப்பிள்ளை போதும், ஏனெனில் விந்தில் கொழுப்பு மிகச் சொற்பம். குட்டி போடும் கப்பி, மொலி போன்ற மீன்களில் கருவைச் சுமக்கும் தாயையே நஞ்சுக்கு உட்படுத்தினால், எந்த இரசாயனமாக இருந்தாலும் பூட்டப்பிள்ளை வரை போகவேண்டும்.

இதைப் புரிய ஒன்ராறியோ ஏரியின் கதை உதவும். வட அமெரிக்காவின் அந்த ஏரியில் லேக் ட்ரவுட் மீனின் இயற்கை இனப்பெருக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நின்றுபோனது. இந்த மீனின் முட்டையில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 65 பிக்கோகிராம் (ஒரு பிக்கோகிராம் கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) டயொக்சின், அதாவது பிசிபியைப் போன்ற இன்னோர் அழியா நஞ்சு, சேர்ந்தாலே பாதிக் குஞ்சுகள் செத்துவிடும். ஏரி அடிச்சேற்றின் படைகளைக் கொண்டு பழைய அளவுகளைக் கணக்கிட்டபோது, அக்காலத்தில் முட்டைக்குள் இறங்கிய டயொக்சினே குஞ்சுகளை ஒழிக்கப் போதுமாக இருந்தது தெரியவந்தது. ஒரு மீனினம் ஏரியிலிருந்து போய்விட்டது. ஆனால் அதில் நஞ்சைத் தொடாத தலைமுறைக்கும் கடத்தப்படும் பரம்பரை அடையாளம் என்று எதுவும் தேவைப்படவில்லை. தாயின் சுமை பிள்ளையில் இறங்கியது, அவ்வளவுதான். அந்தக் கேடு சிறியது என்று யாரும் சொல்ல முடியாது. பெயரைச் சரியாகச் சொல்லவேண்டும் என்பதே இங்கு முக்கியம்.

மறுபக்கத்தில், ஆய்வுகூடங்களில் வளர்க்கும் சிறு நன்னீர் மீனான சீப்ராவை மூன்றாம் வார வயதில் ஒரு மணித்தியாலமும் ஏழாம் வார வயதில் ஒரு மணித்தியாலமும் மட்டும் டயொக்சினில் வைத்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பேரப்பிள்ளைகளிலும் கருக்கட்டல் குறைவும் முள்ளந்தண்டு வளைவும் பெண் மீன் மிகுதியும் காணப்பட்டன. ஆக, இரண்டு வகையும் உண்மை. உங்கள் தொட்டியில் நடப்பது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதே உங்கள் வேலை.

மீனைத் தெரிவு செய்தல்

குடாவில் மணலை கைக்கெட்டும். இருந்தாலும் தலைமுறை ஆய்வுக்கு வேண்டாம். மணலை முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சு வேறெங்கோ பிறந்து களப்புக்குள் வரும். சூடையும் அப்படித்தான், கூட்டமாக அலையும். தம்பலகாமக் குடாவில் பிடித்தது தம்பலகாமத்துச் சேற்றின் கணக்கைச் சொல்லாது. ஓரிடத்தில் தங்கும் மீன் வேண்டும். உளுவை இதற்குப் பொருத்தம். அடியில் கிடக்கும், சேற்றோரத்து உயிர்களைத் தின்னும். உளுவைக் குடும்பத்தில் பல இனங்கள் கல், சிப்பியின் அடிப்புறத்தில் முட்டையை ஒட்டி வைக்க, ஆண் காவல் இருக்கும். பழைய கூரை ஓடுகளைக் கவிழ்த்து ஆழமில்லாத இடத்தில் வைத்து, நாலைந்து நாளுக்கொரு முறை மெல்லப் புரட்டிப் பார்த்தால் முட்டைப் படையே கிடைக்கலாம். ஆனால் உளுவைக் குஞ்சைத் தொட்டியில் வளர்ப்பது தொடக்கக்காரருக்கு ஆகாத வேலை. மிகச் சிறிய வாய், உயிருள்ள நுண்ணிரை வேண்டும்.

எனவே இரண்டு மீனாகப் பிரியுங்கள். களத்துக்கு உளுவை, தொட்டிக்குச் சீப்ரா. சீப்ரா மூன்று மாதத்தில் பருவமடையும், முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், பூட்டப்பிள்ளை வரை ஒரு வருடத்தில் வந்துவிடலாம்.

இடம், அனுமதி, காலம்

உட்துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படையினதும் துறைமுக அதிகார சபையினதும் எல்லைக்குள் வருகிறது. கேட்காமல் வள்ளம் இறக்காதீர்கள். மாதிரி எடுக்கக் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி பெறுங்கள். உயிருள்ள மீனை வைத்துப் பரிசோதிக்கப் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். புறாமலை தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக்கூடாது.

ஓர் ஒப்பீட்டு இடம் கட்டாயம். துறைமுகப் பக்கம் ஒன்று எடுத்தால், இறக்கக்கண்டி போன்ற களப்பில் இன்னொன்று. இரண்டிலும் உப்புத்தன்மை, சேற்றின் தன்மை, மீனின் பருமன் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். வாடைக் காற்று மழையோடு மகாவலி பெருகும் நவம்பர் முதல் ஜனவரி வரை சேறு கலங்கி எல்லாம் மாறும். ஓகஸ்ட், செப்டெம்பரில் ஒரு முறையும் வெள்ளம் வடிந்த பெப்ரவரியில் ஒரு முறையும் எடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கிழமைக்குள் முடியுங்கள். மீன் சினைப்படும் பருவத்துக்கு முன்னும் பின்னும் பெண் மீனின் இரசாயனச் சுமை மாறும். சினையோடு சுமையின் ஒரு பங்கு இறங்கிவிடும். அதனால் வயது முதிர்ந்த ஆணில் சுமை கூடியும் அதே வயதுப் பெண்ணில் குறைந்தும் இருப்பது வழமை. ஆண், பெண்ணைக் கலந்து சராசரி எடுத்தால் இந்தச் செய்தியே அழிந்துபோகும்.

வலையிலிருந்து ஆய்வுகூடம் வரை

ஓரிடத்துக்குக் குறைந்தது ஆண் 10, பெண் 10. பிடித்தவுடன் எஞ்சின் எண்ணெய் பட்ட கையால் தொடாதீர்கள். வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் மீனைப் போடாதீர்கள். டீசல் கலந்த அந்தத் தண்ணீர் ஒன்றே முழு மாதிரியையும் கெடுக்கும். தலையில் ஒரே அடியில் கொன்று, குளிர்ந்த சுத்தமான நீரில் கழுவி உடனே சுற்றுங்கள்.

டிடிடி, பிசிபி பார்ப்பதாக இருந்தால் அலுமினியத் தாள். அதை முதலில் அசற்றோனாலும் பிறகு ஹெக்சேனாலும் கழுவிக் காயவிட்டு, மங்கலான பக்கம் மீனைத் தொடும்படி சுற்றி, வெளியே பொலித்தீன் பை. பிஃபாஸ் பார்ப்பதாக இருந்தால் அலுமினியத் தாளை விட்டுவிடுங்கள். பொலிபுரொப்பிலீன் குழாய் அல்லது அடர் பொலித்தீன் பை எடுங்கள். நீர் ஒட்டாத மழைச்சட்டை, டெஃப்லோன் நாடா, நீர் ஒட்டாத குறிப்பேடு எதுவும் அன்று பக்கத்தில் வரக்கூடாது. இரண்டையும் பார்க்கவேண்டும் என்றால் ஒரே மீனைப் பங்கிடாமல் இரண்டு தொகுதி மீன் பிடியுங்கள்.

ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, மீன்பொதி ஐஸ் உருகிய நீரில் மிதக்காதபடி அடுக்குங்கள். ஒரு வெறும் தாளையும் அதே மாதிரிச் சுற்றி, அதே பெட்டியில், அதே பயணத்தில் கொண்டு வாருங்கள். அந்த வெறும் பொதியிலும் பிசிபி வந்தால் உங்கள் மீனின் எண்ணை நம்ப முடியாது. பலர் இதைச் செலவென்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதிரிக்கான பணத்தை மிச்சம் பிடித்து மற்ற எல்லாவற்றையும் கேள்விக்குறியாக்குவது அது. ஆய்வுகூடம் போகும்வரை மறை 20 பாகை செல்சியஸில் வையுங்கள். மின்சாரம் போய் ஒருமுறை இளகி மறுபடி உறைந்தால், தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

வெட்டும்போது

நீளம் மில்லிமீற்றரில், நிறை கிராமில். உடல்நிலைக் காட்டி = 100 × நிறை ÷ நீளத்தின் மும்மடி, நீளம் சென்டிமீற்றரில். 14 செ.மீ. நீளம், 38 கிராம் நிறை என்றால் 3800 ÷ 2744, ஏறத்தாழ 1.38.

கத்தரிக்கோலின் மழுங்கிய முனையைக் குதத்துக்குள் விட்டுத் தாடை வரை மேலோட்டமாக வெட்டுங்கள். ஆழமாகப் போனால் குடல் அறுந்து எல்லாவற்றிலும் பூசிக்கொள்ளும். முதலில் ஈரல் தெரியும். அதில் ஒட்டிக்கொண்டு பச்சை மணிபோல் இருப்பது பித்தப்பை. அதை உடைக்காமல் நுனிக் கிடுக்கியால் பிரித்தெடுங்கள். உடைந்தால் அந்த ஈரலை இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பாதீர்கள். பிறகு முதுகுப் பக்கமாக நீண்டு கிடக்கும் சினை அல்லது விந்துப்பை. முழுமையாக எடுத்து நிறுங்கள். சினைக் காட்டி = சினையின் நிறை ÷ உடல் நிறை × 100. ஒரே பருவத்தில், ஒரே பருமனில், துறைமுகப் பக்க மீனின் சினைக் காட்டி தொடர்ந்து குறைவாக இருந்தால் அது கவனிக்கவேண்டிய அடையாளம். விந்துப்பையின் ஒரு துண்டை நடுநிலைப்படுத்திய 10 வீத ஃபோர்மலினில் இடுங்கள். ஆணின் விந்துப்பைக்குள் முட்டைக் கலம் இருப்பது நுணுக்குக்காட்டியில்தான் தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரியாது.

செட்டையில் ஒரு சிறு துண்டு வெட்டி 95 வீத எதனோலில் போட்டு வையுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

தசையில் 5 முதல் 10 கிராம் ஆய்வுகூடத்துக்குப் போதும். சினையையும் தனியாக அனுப்பினால்தான் தாய் எவ்வளவு இறக்குகிறது என்று தெரியும். முடிவு வரும்போது கொழுப்பு வீதத்தையும் கேட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு ஒரு மீனில் கிராமுக்கு 6 நனோகிராம் (ஒரு நனோகிராம் கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு) பிசிபி, கொழுப்பு 1 வீதம். இன்னொன்றில் 18 நனோகிராம், கொழுப்பு 4 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாக இரண்டாவது மூன்று மடங்கு மோசம். கொழுப்பின் கிராமுக்குக் கணக்கிட்டால் முதலாவது 600, இரண்டாவது 450. அதாவது முதல் மீன்தான் கூடுதலாக அழுக்கான இடத்தில் வாழ்ந்தது. சாப்பிடுபவருக்குப் பச்சை நிறைக் கணக்கு, இடத்தை ஒப்பிடக் கொழுப்புக் கணக்கு. பிஃபாஸுக்கு இந்தக் கொழுப்புக் கணக்குப் பொருந்தாது.

தொட்டிகள்

தூய பிசிபியையோ டயொக்சினையோ புட்டியில் வாங்கி வகுப்பறையில் கையாளக் கூடாது. அதற்கு வேறு வகை ஆய்வுகூடம் வேண்டும். தொடக்கக்காரர் செய்யக்கூடியது சேற்றுப் பரிசோதனை. சேற்றில் பல இரசாயனம் கலந்திருக்கும், ஆகவே எது காரணம் என்று பெயர் குறித்துச் சொல்ல முடியாது. "இந்தச் சேறு" என்று மட்டும் சொல்லலாம். ஒரு குடாவைப் பற்றிய கேள்விக்கு அதுவே பெரிய விடை.

துறைமுகப் பக்கச் சேற்றின் மேல் 5 செ.மீ. மட்டும் எடுத்து, நன்னீரில் மூன்று தரம் கலக்கி, படியவிட்டு, மேல்நீரை வடியுங்கள். சீப்ரா நன்னீர் மீன், உப்பு போகவேண்டும். கொழுப்பு நாடும் இரசாயனங்கள் சேற்றை விட்டுப் போகா. பிஃபாஸின் ஒரு பங்கு கழுவுண்டு போய்விடும், ஆகவே இந்த முறை அதற்கு உதவாது. வடித்த நீரையும் கழிவாகவே சேர்த்து வையுங்கள். ஒப்பீட்டு இடத்துச் சேற்றுக்கும் இதே கழுவல். கழுவிய சேற்றை 20 லீற்றர் கண்ணாடித் தொட்டியின் அடியில் 2 செ.மீ. பரப்பி, நீர் விட்டு, காற்றுக் கல் போட்டு 10 நாள் ஆறவிடுங்கள். அழுகிய முட்டை மணம் போய், அமோனியா பூச்சியத்துக்கு வந்த பிறகே மீன். இதைச் செய்யாமல் மீன் செத்தால் கொன்றது சல்பைட், பிசிபி அல்ல. பிளாஸ்ரிக் தொட்டி வேண்டாம். இரசாயனத்தைச் சுவர் உறிஞ்சிவிடும்.

நான்கு தொட்டி துறைமுகச் சேறு, நான்கு தொட்டி ஒப்பீட்டுச் சேறு. ஒவ்வொன்றிலும் மூன்று வார வயதுக் குஞ்சு 20. குழாய்நீரை இரண்டு நாள் காற்றூட்டிக் குளோரின் போக்குங்கள். வெப்பம் 26 முதல் 28 பாகை, ஒளி 14 மணித்தியாலம், இருள் 10. திருகோணமலை மதிய வெயிலில் அறை 32 பாகை தாண்டும். உறைந்த நீர்ப் போத்தலைத் தொட்டிக்குள் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் வெப்பம் ஏறி இறங்கி அதுவே முதுகு வளைவை உண்டாக்கலாம். குளிரூட்டிய அறை இல்லாவிட்டால் தொட்டிகளைத் தரையோடு வடக்குச் சுவர்ப் பக்கம் வைத்து, எல்லாத் தொட்டிக்கும் ஒரே நிலை இருக்கும்படி பாருங்கள். மின்வெட்டுக்கு பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று கட்டாயம்.

உணவில் ஒரு பொறி உண்டு. கடையில் விற்கும் மீனுணவில் மீன் எண்ணெயும் கருவாட்டுத் தூளும் இருக்கும், அவற்றோடு பிசிபியும் வரலாம். அப்போது சுத்தமான தொட்டியே சுத்தமில்லை. ஒரே தொகுதி உணவை வாங்கி நான்கு தலைமுறைக்கும் ஆழ்குளிரில் வைத்து, அதிலொரு கரண்டியையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிந்தவரை ஆர்ட்டீமியா எனும் நுண்ணிறாலின் பொரிப்பைக் கொடுங்கள்.

ஆறு கிழமை சேற்றில். பிறகு எல்லா மீனையும் சேறில்லாத சுத்தமான தொட்டிக்கு மாற்றுங்கள். இதற்குப் பிறகு எந்தத் தலைமுறையும் அந்தச் சேற்றைத் தொடக்கூடாது. வலை, குழாய், தூரிகை எல்லாம் புதிதாக வேண்டும். பழையதைக் கழுவிப் பாவிப்பது போதாது.

நான்கு கலியாணம்

பருவமடைந்ததும் நான்கு விதமாகச் சோடி சேருங்கள்: சேற்றுத் தாய் × சேற்றுத் தகப்பன், சேற்றுத் தாய் × சுத்தத் தகப்பன், சுத்தத் தாய் × சேற்றுத் தகப்பன், சுத்தம் × சுத்தம். சேற்றுத் தாயின் பிள்ளை மட்டும் நலிந்தால் மஞ்சட்கருவில் இறங்கிய சுமையை முதலில் சந்தேகியுங்கள். சுத்தத் தாயும் சேற்றுத் தகப்பனும் சேர்ந்து நலிந்த பிள்ளை பெற்றால் அதுதான் நின்று யோசிக்கவேண்டிய இடம். விந்தோடு வரும் இரசாயனம் அற்பம். வந்தது மரபணுச் சிதைவோ, மரபணு வேலை செய்வதைக் கூட்டிக் குறைக்கும்படி அதன் மேல் ஒட்டிய மெதைல் அடையாளமோ. சீப்ராவின் கருவில் தகப்பனின் மெதைல் ஒழுங்கு பெரும்பாலும் அப்படியே பேணப்படுகிறது. மெடாக்கா எனும் ஜப்பானியச் சிறு மீனில் அது ஒருமுறை அழிந்து மறுபடி எழுதப்படுகிறது. ஆகவே சீப்ராவில் கண்டதை எல்லா மீனுக்கும் நீட்டிச் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு விதத்திலும் குறைந்தது ஐந்து சோடி, நான்கு தொட்டியிலுமிருந்து பரவலாக எடுத்து. பேரப்பிள்ளைக்கும் பூட்டப்பிள்ளைக்கும் சகோதரங்களைச் சேர்க்காதீர்கள். நெருங்கிய இரத்தத்தில் வரும் நலிவு, நஞ்சின் நலிவைப் போலவே இருக்கும். ஒவ்வொரு சோடிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து வம்சக் கொடியை முதல் நாளே வரையத் தொடங்குங்கள்.

முட்டையோடு நான்கு நாள்

மாலையில் சோடியை விட்டு நடுவில் தடுப்பு வையுங்கள், அடியில் கண்ணாடி மாபிள்கள் பரப்புங்கள். இல்லாவிட்டால் போட்ட முட்டையைப் பெற்றாரே தின்றுவிடும். விடியலில் விளக்குப் போட்டதும் தடுப்பை எடுத்தால் அரைமணியில் முட்டை விழும். குழாயால் உறிஞ்சி எடுத்துக் கழுவுங்கள். பால் போல் வெளுத்தது செத்தது, உடனே நீக்குங்கள். ஒன்று அழுகினால் பக்கத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான சோடிகளில் கருக்கட்டல் 70 வீதத்துக்குக் கீழே போனால் அன்றைய தொகுதியைக் கைவிடுங்கள்.

சோடிக்கு 20 முட்டை, ஒவ்வொன்றும் தனிக் குழியில், 26 பாகையில், 96 மணித்தியாலம். 24ஆம் மணியில் நுணுக்குக்காட்டியின் கீழ் பாருங்கள். மஞ்சட்கரு உருண்டையைச் சுற்றிக் கரு வளைந்து கிடக்கும். முதுகில் தசைக் கண்டங்கள் மீன்முள் போல வரிவரியாகத் தெரியவேண்டும், வால் உருண்டையை விட்டுப் பிரிந்து சுண்டிக்கொண்டிருக்கவேண்டும். 48இல் இதயம் துடிப்பது தெளிவாகத் தெரியும்; அரை நிமிடம் எண்ணுங்கள். பிறகு பொரிக்கும். டயொக்சின் வகைப் பாதிப்பென்றால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து வீங்கும். மஞ்சட்கருப் பையும் ஊதி, இதயம் நூல் போல இழுபட்டு மெல்லத் துடிக்கும். ட்ரவுட் குஞ்சுகளில் அந்த வீக்கம் நீலம் பாய்ந்து தெரிவதால் நீலப்பை நோய் என்கிறார்கள். முதல் முறை பார்ப்பவருக்கு மனம் கனக்கும். படம் எடுத்து, நேரம் குறித்து, அடுத்த குழிக்குப் போங்கள்.

பார்ப்பவருக்கு எந்தக் குழி எந்தச் சோடி என்று தெரியக்கூடாது. இலக்கத்தை இன்னொருவர் மாற்றி ஒட்டட்டும். சுத்தச் சோடிகளில் 90 வீதம் உயிரோடு இல்லை என்றால் நீரையும் வெப்பத்தையும் சரிபார்த்து மறுபடி தொடங்குங்கள்.

ஐந்தாம் நாள் குஞ்சு நீந்தும். 7ஆம் நாளுக்கும் 12ஆம் நாளுக்கும் இடையில் கொத்தாகச் சாவது பெரும்பாலும் பசியால். மிக நுண்ணிய தூளை நாளுக்கு நாலைந்து தரம் கொடுங்கள். இந்தச் சாவை நஞ்சின் கணக்கில் எழுதிய ஆய்வுகள் எத்தனையோ.

எண்களைப் படிக்கும்போது

ஒரு தொட்டியில் 20 மீன் இருந்தாலும் அது ஒரு சாட்சிதான். எல்லாம் ஒரே நீரைக் குடித்தவை. நான்கு தொட்டி என்றால் நான்கு சாட்சி, 80 அல்ல. ஆண், பெண் விகிதத்தைச் சீப்ராவில் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். நெரிசல், வெப்பம், உணவு எல்லாம் அதை மாற்றும். ஆய்வுகூடச் சீப்ராவில் ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் தெளிவான நிறமூர்த்தமே இல்லை. மெடாக்காவில் ஆணுக்கு எக்ஸ்-வை இருப்பதால் மரபணுவில் ஆண், உருவத்தில் பெண் என்று கண்டுபிடிக்கலாம்.

களத்து உளுவையில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில் பல தசாப்தங்களாகப் பிசிபி கலந்த நீரில் வாழும் கில்லி மீன், மற்ற இடத்து மீனைக் கொல்லும் அளவைத் தாங்குகிறது. தாங்காதவை செத்து, தாங்கும் மரபணு உள்ளவை பெருகியதன் விளைவு அது. பரம்பரை அடையாளம் என்று நாம் நினைப்பது இப்படித் தெரிவாகி வந்த மரபணுவாகவும் இருக்கலாம். எதனோலில் போட்டு வைத்த செட்டைத் துண்டு அப்போதுதான் கைகொடுக்கும்.

கழிவும் பேச்சும்

சேறு, சேற்றுத் தொட்டி நீர், கழுவிய ஹெக்சேன் எதையும் வடிகாலில் ஊற்றாதீர்கள். கடைசியில் அது போய்ச் சேரும் இடமும் அதே குடாதான். நீரைத் தூண்டப்பட்ட கரி நிரப்பிய குழாய் வழியாக மெதுவாக வடித்து, கரியையும் சேற்றையும் மூடிய கலனில், பெயர் எழுதி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். ஹெக்சேனைக் கண்ணாடிப் போத்தலில் தனியாக. இறந்த மீன்களைப் பூனைக்கோ கோழிக்கோ கொடுக்கக்கூடாது. மிஞ்சிய உயிர்மீனைக் குளத்தில் விடக்கூடாது; ஒரு லீற்றர் நீருக்கு அரை மில்லிலீற்றர் கராம்பு எண்ணெயை எதனோலில் கரைத்துக் கலந்து, அதில் அமைதியாக முடியுங்கள்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் உங்களுக்கு மீன் பிடித்துத் தந்தவர்கள் நிச்சயம் கேட்பார்கள்: "தம்பி, இந்த மீனைத் தின்னலாமா?" தொட்டி முடிவு அதற்கு விடை அல்ல. உண்ணும் தசையில் பச்சை நிறைக்கு எத்தனை நனோகிராம் என்ற ஆய்வுகூட எண்தான் விடை, அதையும் அங்கீகரிக்கப்பட்ட எல்லையோடு ஒப்பிட்ட பிறகுதான். சினையிலும் ஈரலிலும் தசையைவிடக் கூட இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், ஏனெனில் சினையை விரும்பிச் சமைக்கும் வீடுகள் இங்கே ஏராளம். எண் வரும்வரை சந்தையில் ஒரு வார்த்தையும் விடாதீர்கள். ஒரு வதந்தியில் ஒரு கிழமைப் பிடி விலைபோகாமல் கிடக்கும். எண் வந்த பிறகு, அது நல்லதோ கெட்டதோ, முதலில் அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள்.